மேரிக்குத் தெரியாத விஷயம்

பழைய காமெடிப் படம் ஒன்றைப் பல வருஷம் கழித்துப் பார்க்கிறோம். அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்த இடத்தில் இன்றைக்குச் சிரிப்பு வருவதில்லை. பக்கத்தில் கல்லூரியில் படிக்கும் மகள் உட்கார்ந்திருந்தால் கை ரிமோட்டைத் தேடுகிறது. அப்புறம் வீட்டுக்குள் இரண்டு கட்சி கிளம்பிவிடும். "அப்பவே அது அசிங்கம்தான், நமக்குத்தான் உறைக்கலை" என்பது ஒன்று. "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு எதை எடுத்தாலும் குத்தம்" என்பது இன்னொன்று. டீ ஆறுவதற்குள் தீர்க்கிற வழக்கு இல்லை இது. ஆனால் ஒரே ஒரு படத்தை எடுத்துக் காட்சி காட்சியாகப் பிரித்துப் பார்த்தால், இரண்டு கட்சியுமே கவனிக்காத ஒன்று கண்ணில் படும்.

படம், 'தேர்ஸ் சம்திங் அபவுட் மேரி'. 1998 ஜூலையில் அமெரிக்காவில் வெளியானது. பீட்டர், பாபி என்ற ஃபேரலி சகோதரர்கள் இயக்கியது. பென் ஸ்டில்லர் நாயகன், கேமரூன் டியாஸ் நாயகி. 17 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் பெரியவர் துணையோடுதான் வரலாம் என்கிற 'ஆர்' சான்றிதழ். சுமார் 2.3 கோடி டாலர் செலவில் எடுத்த படம், உலகம் முழுக்க 36 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அதுவும் முதல் வாரத்திலேயே அள்ளியதல்ல. பார்த்தவர்கள் பார்க்காதவர்களிடம் சொல்லிச் சொல்லியே கூட்டம் சேர்ந்து, செப்டம்பர் தொடக்கத்தில்தான் வசூலில் முதலிடத்துக்கு ஏறியது. நியூயார்க் விமர்சகர்கள் அந்த வருஷத்தின் சிறந்த நடிகை விருதை டியாஸுக்குக் கொடுத்தார்கள். ஆகவே, "அது குப்பைப் படம், விடுங்கள்" என்று சொல்லித் தப்பிக்க வழி இல்லை.

பச்சையான காமெடி ஏன் பழசாகிறது என்று கேட்டால், முதலில் எல்லோரும் சொல்லும் பதில் ஒன்று உண்டு: அதிர்ச்சி ஆறிப்போகிறது. அது உண்மைதான். ஓட்டோ பிரெமிஞ்சர் 1953ல் 'தி மூன் இஸ் ப்ளூ' என்றொரு ரொமான்டிக் காமெடி எடுத்தார். ஹாலிவுட் தனக்குத்தானே போட்டுக்கொண்ட ஒழுக்க விதிகள் 1934 முதல் கறாராக அமலில் இருந்த காலம். 'கன்னி' போன்ற சொற்களைப் பாத்திரங்கள் சர்வ சாதாரணமாகப் பேசுகின்றன என்பதால் அந்தப் படத்துக்கு அனுமதி முத்திரை கிடைக்கவில்லை. முத்திரை இல்லாமலே வெளியிட்டார்கள். கன்சாஸ் மாநிலம் தடை போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1955ல்தான் தடை உடைந்தது. இவ்வளவு அமளிக்குக் காரணமான படத்தை இன்று பார்த்தால், பாட்டியோடு உட்கார்ந்து பார்க்கலாம் என்றுதான் தோன்றும். 1982லேயே 'மாஷ்' தொலைக்காட்சித் தொடர் இதைக் கிண்டல் செய்துவிட்டது. கொரியப் போர்முனை மருத்துவமனையில் இருக்கும் டாக்டர்கள், பலான படம் என்று கேள்விப்பட்டு, படாத பாடு பட்டு அதை வரவழைத்துப் பார்த்துவிட்டு, 'இதற்கா இவ்வளவு?' என்று சப்பென்று ஆகிப்போகிறார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இப்படிப் பழசான படத்தைப் பார்த்தால் கொட்டாவி வரும். யாரும் நெளிவதில்லை, ரிமோட்டைத் தேடுவதில்லை. கொட்டாவி வேறு, நெளிவு வேறு. 'மேரி' போன்ற படங்களைப் பார்க்கும்போது இன்றைய பார்வையாளருக்கு வருவது இரண்டாவது. அதற்கு அதிர்ச்சி ஆறியதைக் காரணமாகச் சொல்ல முடியாது.

சரி, படத்துக்கு வருவோம். 1985ல் ரோட் ஐலண்டில் பள்ளிக்கூடம் படிக்கும் டெட், பள்ளி நடன விருந்துக்கு மேரியை அழைத்துப்போக அவள் வீட்டுக்கு வருகிறான். கழிவறைக்குப் போகிறான். ஜன்னல் வழியே மரத்தில் பறவைகள் தெரிகின்றன, அதைப் பார்த்துச் சிரிக்கிறான். பறவைகள் பறந்துபோக, பின்னால் இன்னொரு ஜன்னலில் மேரி உடை மாற்றிக்கொண்டிருக்கிறாள். அவளும் அவள் அம்மாவும் இவனைப் பார்த்துவிடுகிறார்கள். எட்டிப் பார்க்கிறான் என்று நினைத்துவிட்டார்களே என்ற பதற்றத்தில் பேன்ட் ஜிப்பை இழுக்கிறான். ஜிப்பில் எது சிக்கக் கூடாதோ அது சிக்கிக்கொள்கிறது.

இந்தக் காட்சி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். சிக்கிய இடத்தை உடனே காட்டுவதில்லை. முதலில் மேரியின் வளர்ப்புத் தந்தை உள்ளே வந்து பார்த்துவிட்டு முகம் சுளிக்கிறார். அடுத்து அம்மா. அப்புறம் ஜன்னல் வழியே ஒரு போலீஸ்காரர் தலையை நீட்டுகிறார். அதற்கப்புறம் தீயணைப்பு வீரர். ஒவ்வொருவரும் ஒரு யோசனை சொல்கிறார்கள், கூட்டம் கூடிக்கொண்டே போகிறது. ஒரு பையன் தன் வாழ்க்கையிலேயே மிகவும் தனியாக இருக்க விரும்பும் நிமிஷத்தில், ஊரே அந்தச் சின்ன அறைக்குள் நுழைந்துவிடுகிறது. சிரிப்பு உண்டாவது அந்தக் கூட்டத்தில்தான். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தக் காட்சி ஓடுகிறது. இன்றைக்குப் பார்க்கிற பையன்களும் கால்களைச் சேர்த்துக்கொண்டுதான் சிரிக்கிறார்கள்.

படத்தின் இன்னொரு பேர்போன காட்சியும் அப்படித்தான். மேரியைச் சந்திக்கப் போகும் முன் டெட் தனிமையில் செய்த காரியத்தின் மிச்சம் அவன் காதில் தொங்குகிறது. தலைக்குப் பூசும் ஜெல் என்று நினைத்து மேரி அதை எடுத்து முன்முடியில் தடவிக்கொள்கிறாள். அடுத்த காட்சியில் முடி செங்குத்தாக நிற்கிறது. இதைவிட விரசமாக ஒரு பெரிய ஸ்டுடியோ படம் அதுவரை போயிருக்குமா என்பது சந்தேகம். ஆனாலும் காட்சியில் மாட்டிக்கொண்டு விழிப்பது டெட். அவனுடைய முகத்தைப் பார்த்துத்தான் நாம் சிரிக்கிறோம்.

படத்திலேயே பச்சையான இரண்டு காட்சிகள் இவை. இரண்டும் கெடவில்லை. உடம்பு தன் சொந்தக்காரனையே காட்டிக்கொடுப்பது எந்தக் காலத்திலும் சிரிப்புத்தான்.

அப்படியானால் நெளிவது எங்கே? படம் மென்மையாக, காதலாக இருக்கிற இடங்களில். பதின்மூன்று வருஷம் கழித்தும் மேரியை மறக்க முடியாத டெட், அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ள ஓர் ஆளை அமர்த்துகிறான். ஹீலி என்ற அந்தத் துப்பறிவாளன் (மாட் டில்லன்) மயாமிக்குப் போய் அவளைக் கண்டுபிடிக்கிறான். பைனாகுலரில் பார்க்கிறான், ஒட்டுக்கேட்கும் கருவியால் அவள் தோழிகளிடம் பேசுவதைக் கேட்கிறான். அவளுக்கு எப்படிப்பட்ட ஆண் வேண்டும் என்று தெரிந்துகொண்டு, அதே ஆளாக வேஷம் போட்டு எதிரே போய் நிற்கிறான். டக்கர் என்ற இன்னொருவன், ஊன்றுகோலில் நடக்கும் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞன் என்று அவளிடம் நட்பு வைத்திருக்கிறான். நிஜத்தில் அவன் பீட்சா கொண்டுபோய்க் கொடுப்பவன், காலும் நன்றாகத்தான் இருக்கிறது. டெட்டின் நெருங்கிய நண்பனே மேரியின் பழைய காதலன் என்பது கடைசியில் தெரிகிறது. மேரி எலும்பு அறுவை நிபுணர், புத்திசாலி, அன்பானவள். சுற்றி நிற்கும் எல்லோருக்கும் அவளைப் பற்றி எல்லாம் தெரியும். அவர்களைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது. படத்தின் கதையே அதுதான்.

ஃபேரலி சகோதரர்கள் இதைத் தெரியாமல் செய்யவில்லை. காதல் என்ற பெயரில் ஆண்கள் செய்யும் அட்டூழியத்தைத்தான் கிண்டல் செய்கிறார்கள். உண்மை தெரிந்ததும் மேரி டெட்டையும் விரட்டிவிடுகிறாள். ஆனால் அவன் மனம் திருந்தி, அவளுடைய இன்னொரு பழைய காதலரை, நிஜ அமெரிக்கக் கால்பந்து வீரர் பிரெட் ஃபாவ்ரையே, கூட்டிவந்து நிறுத்திவிட்டு அழுதுகொண்டே வெளியேற, அவள் பின்னாலேயே ஓடிவந்து அவனையே தேர்ந்தெடுக்கிறாள். ஆள் வைத்து வேவு பார்த்த கணக்கு அந்த ஒரு அழுகையில் தீர்ந்துவிடுகிறது.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. பள்ளிப் பருவத்தில் டெட் எட்டிப் பார்க்கவே இல்லை. பார்த்தான் என்ற சந்தேகத்துக்கே ரத்தம் சிந்தினான். வளர்ந்த பிறகு காசு கொடுத்து அவளைப் பார்க்க வைத்தான். அதற்குப் பரிசாக அவளே கிடைக்கிறாள். 1998ல் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத இந்தக் கணக்கு, இன்று பார்ப்பவருக்கு முதலிலேயே இடிக்கிறது. பெண்ணைத் துரத்தித் துரத்தியே கைப்பிடிக்கும் நாயகனைப் பற்றித் தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

"அந்தக் காலத்தில் யாருக்கும் இதெல்லாம் தெரியாது" என்று சமாதானம் சொல்லவும் முடியாது. 1989 ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸில் ரெபெக்கா ஷேஃபர் என்ற 21 வயது நடிகை தன் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவன் அவரை வெகுநாளாகத் துரத்திய ரசிகன். அவருடைய முகவரியை அவன் எப்படிப் பிடித்தான் தெரியுமா? ஒரு தனியார் துப்பறிவாளரை அமர்த்தினான். அவர் கலிஃபோர்னியா மோட்டார் வாகனத் துறையின் பதிவுகளிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதன் பிறகு 1990ல் கலிஃபோர்னியா, பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதைக் குற்றமாக்கும் சட்டத்தை அமெரிக்காவிலேயே முதலாவதாகக் கொண்டுவந்தது. மற்ற மாநிலங்கள் சில வருஷங்களிலேயே பின்பற்றின. ஓட்டுநர் பதிவுகளில் உள்ள சொந்த விவரங்களைக் காக்க 1994ல் மத்தியச் சட்டமும் வந்தது. டெட் துப்பறிவாளனை அமர்த்தும் காட்சிக்குத் திரையரங்குகள் சிரித்தது இத்தனைக்கும் பிறகுதான். சட்டம் சீக்கிரமே மாறிவிட்டது. சிரிப்புக்கு இன்னும் இருபது வருஷம் தேவைப்பட்டது.

விரசம் இருப்பதால்தான் இது உறுத்துகிறது என்று இன்னமும் தோன்றினால், அதே 1998 டிசம்பரில் வந்த 'யூ'வ் காட் மெயில்' படத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நோரா எஃப்ரான் இயக்கியது. டாம் ஹாங்க்ஸும் மெக் ரயனும். குடும்பத்தோடு பார்க்கலாம், முகம் சுளிக்க ஒரு வசனம் கிடையாது. முகம் தெரியாமல் மின்னஞ்சலில் காதலிக்கும் இருவர், நேரில் தொழில் எதிரிகள். அவன் பெரிய புத்தகக் கடைச் சங்கிலியின் முதலாளி. அவள் அம்மா விட்டுப்போன சின்னக் குழந்தைகள் புத்தகக் கடையை நடத்துகிறாள். பாதிப் படத்திலேயே அவனுக்கு உண்மை தெரிந்துவிடுகிறது. அவளுக்குத் தெரியாது. அவள் கடை மூடப்படுகிறது. அவன் உண்மையை மறைத்துக்கொண்டே அவளோடு நேரில் பழகுகிறான், மின்னஞ்சல் ஆளைப் பற்றி அவளிடமே விசாரித்து அவளைத் தவிக்க விடுகிறான். கடைசியில் பூங்காவில் தன்னைக் காட்டிக்கொள்ளும்போது, அது நீயாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன் என்கிற மாதிரி அவள் கண் கலங்குகிறாள். இன்று இந்தப் படத்தைப் பார்க்கும் பல இளைஞர்கள் நெளிகிற இடம் இதுதான். சைவப் படத்துக்கும் அசைவப் படத்துக்கும் ஒரே இடத்தில் வலிக்கிறது.

வீட்டில் ஊறுகாய் கெட்டுப்போனால் யாரும் மிளகாய்ப் பொடியைக் குறை சொல்வதில்லை, ஈரக் கரண்டியைப் போட்டது யார் என்றுதான் கேட்போம். இந்தப் படங்களிலும் காரம் கெடவில்லை. ஒருத்திக்குத் தெரியாமல் ஒருவன் எல்லாம் தெரிந்துவைத்திருப்பதைக் காதல் என்று சொன்ன இடத்தில்தான் ஈரம் பட்டிருக்கிறது.

அந்த ஈரம் 1998ல் பட்டதும் அல்ல. ஆள்மாறாட்டம் ரொமான்டிக் காமெடியின் மிகப் பழைய உத்தி. 1959ல் வந்த 'பில்லோ டாக்' படத்தில் ராக் ஹட்சன், டோரிஸ் டேயை மயக்க டெக்ஸாஸ்காரனாக வேஷம் போடுகிறார். அதே வருஷம் 'சம் லைக் இட் ஹாட்' படத்தில் டோனி கர்ட்டிஸ், மர்லின் மன்றோவிடம் எண்ணெய்க் கம்பெனி வாரிசாக நடிக்கிறார். பொய் வெளிப்பட்டதும் கொஞ்சம் கோபம், பிறகு கல்யாணம் என்பது எழுதாத ஒப்பந்தம். பார்வையாளர்களும் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள். நகைச்சுவை என்பதே அப்படித்தான். விளக்காமலே எல்லோருக்கும் புரியும் என்று படம் நம்புகிற ஏதோ ஒன்றின் மேல்தான் அது நிற்கிறது. அந்த நம்பிக்கையை அரங்கில் இருப்பவர்கள் கைவிட்ட நாளில் சிரிப்பு அந்தரத்தில் தொங்குகிறது.

'அமெரிக்கன் பை' இதை இன்னும் தெளிவாகக் காட்டும். 1999ல் வந்தது. பேருக்கே காரணமான காட்சியில் ஜிம் என்ற பையன் சமையலறையில் ஒரு ஆப்பிள் பையோடு செய்யக் கூடாததைச் செய்ய, அப்பா உள்ளே வந்துவிடுகிறார். பாதிக்கப்பட்டது பலகாரம் மட்டும் என்பதால் இன்றும் சிரிக்கலாம். அதே படத்தில், வெளிநாட்டிலிருந்து படிக்க வந்திருக்கும் நாடியா தன் அறையில் உடை மாற்றுவதை அவளுக்குத் தெரியாமல் வெப்கேமில் நண்பர்களுக்குக் காட்ட ஏற்பாடு செய்கிறான் ஜிம். இணைப்பு தவறிப்போய்ப் பள்ளிக்கூடம் முழுக்கப் போய்விடுகிறது. அதில் ஜிம் அசிங்கப்படுவதுதான் படத்துக்கு நகைச்சுவை. நாடியா ஊருக்கே திருப்பி அனுப்பப்படுகிறாள் என்பது போகிற போக்கில் வரும் ஒரு தகவல். அந்தரங்கப் படங்களை அனுமதியில்லாமல் பரப்புவது இன்று அமெரிக்கா முழுவதும் குற்றம். கைபேசி வைத்திருக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அது நிஜமான பயம். 1999ல் வெப்கேம் ஒரு புதுப் பொம்மை, அதனால் எவ்வளவு கெடுதல் வரும் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. இன்று பார்ப்பவர்கள் ஜிம்மை விட்டுவிட்டு நாடியாவைப் பார்க்கிறார்கள். படத்தில் ஒரு பிரேம்கூட மாறவில்லை, கண் போகிற இடம் மாறிவிட்டது.

'மேரி'யில் இப்படிக் கண் இடம் மாறும் வேறு சில காட்சிகளும் உண்டு. நெடுஞ்சாலை ஓய்விடத்தில் இரவில் வண்டியை நிறுத்தும் டெட், புதருக்குள் கூடியிருக்கும் ஆண்களுக்கு நடுவே போய்ச் சிக்குகிறான், போலீஸ் வளைத்துவிடுகிறது. 'நம்மாளை அந்த மாதிரி ஆள் என்று நினைத்துவிட்டார்களே' என்பதுதான் சிரிப்பு. அன்று ஓரினச் சேர்க்கை அமெரிக்காவின் பல மாநிலங்களில் சட்டப்படி குற்றம். உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டங்களை 2003ல் செல்லாது என்றது, 2015ல் திருமணத்தையும் அனுமதித்தது. அவமானம் என்று படம் நம்பிய விஷயம் அவமானமாக இல்லாமல் போனதும் சிரிப்புக்கு வேலை இல்லை.

மேரியின் தம்பி வாரன் விஷயம் கொஞ்சம் சிக்கலானது. அறிவுசார் குறைபாடு உள்ளவன். அவனைப் போன்றவர்களை ஹீலி இழிவான சொல்லால் குறிப்பிடும்போது, படம் கிண்டல் செய்வது ஹீலியின் மடத்தனத்தைத்தான். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டங்களிலிருந்தே அந்த வகைச் சொல்லை 2010ல் 'ரோசாவின் சட்டம்' நீக்கியது. சட்டமே ஒதுக்கிய சொல்லைக் கேட்கும் காது, அதற்குப் பின்னால் இருக்கும் கிண்டல் வரை போவதில்லை. சொல்லிலேயே நின்றுவிடுகிறது. அதே வாரனைப் படம் தனி மனிதனாக, அக்காவின் பாசத்துக்கு உரியவனாகவும் காட்டுகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

இப்போது வீட்டில் கிளம்பிய இரண்டாவது கட்சிக்குப் பதில் சொல்லலாம். இன்றைய தலைமுறை கூச்ச சுபாவம் உள்ளது, விரசத்தைத் தாங்காது என்பது சரியா? 2011ல் வந்த 'பிரைட்ஸ்மெய்ட்ஸ்' படத்தில், மணப்பெண் உடைக் கடைக்குள் பெண்களுக்கு ஒரே நேரத்தில் வயிறு கலங்கும் காட்சி, ஜிப் காட்சிக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல. 2023 கடைசியில் வந்த 'எனிபடி பட் யூ', 'ஆர்' சான்றிதழோடு உலகெங்கும் 20 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. காசு கொடுத்துப் பார்த்தவர்களில் பெரும்பகுதி இளைஞர்கள். அவர்களுக்கு விரசத்தோடு பகை இல்லை.

மாறியிருப்பது பொய்யின் இடம். 'எனிபடி பட் யூ'விலும் பொய் உண்டு. ஆனால் நாயகனும் நாயகியும் சேர்ந்து, காதலர்கள் போல நடித்து, மற்றவர்களை ஏமாற்றுகிறார்கள். அதே வருஷம் வந்த 'நோ ஹார்ட் ஃபீலிங்ஸ்' படத்தில் பெற்றோர் தங்கள் 19 வயது மகனுக்குத் தெரியாமல், அவனோடு பழக ஒரு பெண்ணை அமர்த்துகிறார்கள். கூலி, ஒரு பழைய கார். மேரி கதையைத் திருப்பிப் போட்டது போலத்தான். வித்தியாசம், ஏமாற்றப்பட்டவனின் காயத்தைப் படம் கடைசிவரை கணக்கில் வைக்கிறது. உண்மை தெரிந்ததும் அவன் கொதிக்கிறான், உடைகிறான். அவர்கள் ஜோடி சேராமல் நண்பர்களாகத்தான் முடிகிறார்கள். ஓர் அழுகையில் தீர்கிற கடன் இல்லை அது என்று இந்தப் படத்தை எடுத்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

முதல் கட்சிக்கும் ஒரு பதில் உண்டு. அன்றைக்கும் சிரிக்காதவர்கள் அதே அரங்கில் இருந்தார்கள். பின்தொடரப்பட்ட பெண்கள், தங்களை மறைத்து வாழ்ந்த ஆண்கள், வாரனைப் போன்ற தம்பி உள்ளவர்கள். அரங்கம் முழுக்கச் சிரிக்கும்போது ஒருவர் சிரிக்காமல் இருப்பது யாருக்கும் கேட்காது. இன்று அவர்கள் பேசுகிறார்கள், அவ்வளவுதான். நடிகை மாலி ரிங்வால்ட் 2018ல் 'நியூ யார்க்கர்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். எண்பதுகளில் ஜான் ஹியூஸ் எடுத்த இளமைப் படங்களில் நடித்துப் புகழ்பெற்றவர் அவர். தன் மகளோடு அந்தப் படங்களில் ஒன்றைத் திரும்பப் பார்த்தபோது எந்தெந்தக் காட்சிகள் தன்னை உறுத்தின என்று எழுதினார். படங்களைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அவை பலருக்கு ஆறுதலாக இருந்ததையும், சிலரைக் காயப்படுத்தியதையும் ஒரே கட்டுரையில் பக்கம் பக்கமாக வைத்தார். பழைய படத்தை அப்படித்தான் பார்க்க வேண்டும் என்று எனக்கும் படுகிறது. ஜிப் காட்சிக்குச் சிரித்துவிட்டு, துப்பறிவாளன் காட்சிக்கு நெளிவதில் ஒரு குழப்பமும் இல்லை. அவை வேறு வேறு காட்சிகள்.

இன்றைய படங்களில் எது நாளை நெளிய வைக்கும்? எந்தக் காட்சியை இன்று யாரும் விளக்க வேண்டியதில்லையோ, அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். டெட்டுக்கு ஒரு துப்பறிவாளன் தேவைப்பட்டான். இன்றைய நாயகி, முதல் சந்திப்புக்கு முன்னாலேயே தோழிகளோடு உட்கார்ந்து நாயகனுடைய இன்ஸ்டாகிராமை ஐந்து வருஷம் பின்னோக்கித் தோண்டிவிடுகிறாள். பழைய காதலி யார், எந்த ஊருக்குப் போனார்கள் எல்லாம் கைக்கு வந்துவிடுகிறது. அரங்கம் சிரிக்கிறது, நாமும்தான். ஹீலி பைனாகுலரில் பார்த்த வேலையை இவள் விரல் நுனியில் முடித்துவிடுகிறாள். அந்தக் காட்சியை 2050ல் யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று இப்போதே கொஞ்சம் யோசித்து வைப்பது நல்லது.